நீ கேட்ட ஜப்பான் காலத்துக் கஷாயம்

தம்பிக்கு,

தந்தி கிடைத்திருக்கும். முதலில் உட்கார், ஒரு வாய் தண்ணீர் குடி. யாரும் சாகவில்லை. எனக்கு ஒன்றுமில்லை, உன் அப்பாவுக்கும் ஒன்றுமில்லை. அவர் வாசலில் உட்கார்ந்து பழைய செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார். "மருந்து கொடுக்காதே, கடிதம் வருகிறது" என்று தந்தி கொடுக்கச் சொன்னபோது லூனாஸ் தபாலாபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாவுச் சேதி இல்லையேம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். "இல்லீங்க, அதுக்கு நேர் எதிரா இருக்கும்னு நினைக்கிறேன்" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் பாவம், எதற்கு என்று புரியாமல் தானும் சிரித்து வைத்தார்.

உன் கடிதம் இன்று காலை வந்தது. கடைக்காரர் கூப்பிட்டுக் கொடுத்தார், கடை வாசலில் நின்றபடியே பிரித்துப் படித்தேன். உன் எழுத்து இன்னும் கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது. அதிலும் மூன்றாவது வரியில் என் கண் நின்றுவிட்டது. வசந்தாவுக்கு இரண்டரை மாதமாகத் தீட்டு வரவில்லை, அவளுக்கு எப்போதும் முன்னே பின்னேதான் வரும், பக்கத்து வீட்டு அம்மாள் உடம்புச் சூடு என்று சொல்லிக் கழற்சிக்காய்த் தூளும் பப்பாளிக்காயும் கொடுக்கச் சொல்கிறார், அதைவிட நீங்கள் ஜப்பான் காலத்தில் குடித்த கஷாயத்தைச் செய்து அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றே தொடங்கிவிடலாம், அந்த மருந்தில் பிறந்தவன்தானே நான் என்று எழுதியிருக்கிறாய். அடேய், கல்யாணமாகி நான்கு வருஷமாகிறது, இரண்டரை மாதமாக வரவில்லை என்கிறாய், வேறொன்றாக இருக்கலாமே என்று உங்கள் இருவரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா? தோன்றியிருக்கும். ஏமாந்து ஏமாந்து அதை நினைக்கவே பயமாகியிருக்கும். அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். நீ நினைக்காவிட்டால் போகிறது, நான் இங்கே காலையிலிருந்து தரையில் கால் பாவாமல் திரிகிறேன். அரிசியை இரண்டு தடவை கழுவி ஒரு தடவையும் அடுப்பில் வைக்கவில்லை.

ஆனால் அந்தக் கஷாயத்தைப் பற்றி நீ கேட்டு வளர்ந்த கதை பொய். அந்த மருந்தால் நீ பிறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நேரில் வந்து சொல்லலாம் என்றால், உன் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றி, சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஜப்பான்காரன் வந்தபோது எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். பிள்ளை இல்லை. எங்கள் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்கார துரை ஒரே நாளில் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார், ஆலை நின்றுவிட்டது, பால் வெட்டு நின்றுவிட்டது. பால் மரங்களைச் சாய்த்துவிட்டு அந்த இடத்தில் மரவள்ளிக்கிழங்கு போடச் சொன்னார்கள். காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, அந்தி சாய்ந்தால் கிழங்குக் கஞ்சி. கிழங்கைச் சீவி, காய வைத்து, இடித்து, இட்லி மாதிரி, புட்டு மாதிரி, தோசை மாதிரி என்று நாங்கள் செய்யாத வித்தை இல்லை. எதைச் செய்தாலும் கடைசியில் வாயில் கிழங்குதான் விழுந்தது. அரிசியைப் பார்த்தால் சாமியைப் பார்த்த மாதிரி கும்பிடத் தோன்றும். அதையும் சிரித்துக்கொண்டேதான் தின்றோம். நானும் உன் அப்பாவும் அப்போது சின்ன வயசு, கிழங்கைத் தின்றே கிழங்கு மாதிரி உருண்டுவிடுவோம் என்று அவர் கேலி செய்வார். உருளவில்லை, இரண்டு பேரும் ஓணான் மாதிரி ஆனோம்.

கிழங்கைத் தின்றே ஒரு வருஷம் போனது, அடுத்த சித்திரை முடியும்போது ஆள் பிடித்தார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்றே மாத வேலை, அரிசி கிடைக்கும், துணி கிடைக்கும் என்று எங்களை மேய்க்கிற மேஸ்திரி, மண்டோர், வீடு வீடாக வந்து சொன்னார். கேட்டவர்களும் போனார்கள், கேட்காதவர்களையும் லாரியில் ஏற்றினார்கள். எங்கள் லயத்தின் வரிசை வீடுகளிலிருந்து ஒன்பது ஆண்கள். உன் அப்பா லாரியில் ஏறும்போது, "மூணு மாசந்தானே புள்ள, அரிசியோட வரேன், நீ பொங்கி வையி" என்றார். நான் அழவில்லை. மூன்று மாதத்தை எப்படி ஓட்டுவது என்று அன்றைக்கே மனசுக்குள் திட்டம் போட ஆரம்பித்தேன். நான் எப்போதும் அப்படித்தான், சும்மா இருக்கத் தெரியாதவள்.

இப்போது சொல்லப்போவதை ஒரு மகனிடம் எந்தத் தாயும் சொல்ல மாட்டாள். நீ பொண்டாட்டிக்காரன், கேட்டுக்கொள். எங்கள் லயத்தின் கடைசியில் ஓர் அறை காலியாக இருந்தது. தீட்டான பெண்கள் மூன்று நாள் அங்கேதான் படுக்க வேண்டும். எல்லோரும் சலித்துக்கொள்வார்கள், ஆனால் உள்ளுக்குள் அது எங்களுக்குத் திருவிழா. சமையல் இல்லை, வேலை இல்லை, இரண்டு பேர் மூன்று பேர் சேர்ந்து படுத்தால் ஊர்க்கதை எல்லாம் பேசித் தீர்க்கலாம். ஜப்பான் காலத்தில் அந்த அறைக்கு ஆள் வருவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மாசியில் ஒருத்திக்கு நின்றது, பங்குனியில் நான்கு பேருக்கு. கடைசியாக அங்கே போய்ப் படுத்தவள் நான்தான், சித்திரை பிறந்து ஒரு வாரத்தில், பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் தனியாக. அதற்குப் பிறகு அந்த அறையில் பக்கத்து வீட்டு அஞ்சலையின் கோழி அடை காக்க ஆரம்பித்தது.

பதினோரு பெண்களுக்கு ஒரே லயத்தில் நின்றுபோனால் என்னென்ன பேசுவார்கள் என்று நினைத்துப் பார். ஒருத்தி அம்மன் கோபம் என்றாள். ஒருத்தி ஜப்பான்காரன் கிணற்றில் ஏதோ கலந்துவிட்டான் என்றாள். வராத ரத்தம் தலைக்கு ஏறிப் பைத்தியம் பிடிக்கும் என்று அஞ்சலை சொன்னதில் இரண்டு பேருக்கு உண்மையாகவே தலை சுற்றியது. சோறில்லாத உடம்பு, இருக்கிற ரத்தத்தை இறுக்கிப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது என்று இப்போது எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்லுவாள். அப்போது யார் சொல்ல? தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் ஓடிப்போய் ஒரு வருஷமாகியிருந்தது.

எனக்கு வேறு பயம். உன் அப்பா மூன்று மாதத்தில் வந்துவிடுவார். வரும்போது நான் வறண்டுபோன மரமாக நின்றால்? ஏற்கெனவே நான்கு வருஷமாக வயிறு திறக்கவில்லை, இனித் தீட்டும் வராது என்றால் பிள்ளை என்ற பேச்சே முடிந்தது. அதனால் அவர் வருவதற்குள் என் உடம்பைச் சரி செய்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன். எனக்கு ஒரு பிள்ளை வேண்டும், தம்பி. அவ்வளவுதான் என் ஆசை. சோறு வேண்டும் என்றுகூட அப்படி ஆசைப்படவில்லை.

மினா என்று எனக்கு ஒரு கூட்டாளி. தோட்டத்தை ஒட்டிய மலாய்க்காரர் கிராமமான கம்பத்துப் பெண், என் வயசுதான், லூனாஸ் பாசார் சந்தையில் கீரை விற்பாள். அவள் அம்மா அந்தக் கம்பத்தில் பிள்ளைப்பேறு பார்க்கிறவர். மினாவும் கூடவே போய்ப் பழகியிருந்தாள். அவள் தமிழ் பாதி பேசுவாள், நான் மலாய் பாதி பேசுவேன், மீதியைக் கையாலும் கண்ணாலும் முடித்துக்கொள்வோம். அவளிடம்தான் கேட்டேன். காச்சிப் பாத்திமா என்று ஒரு செடி, காட்டோரம் நிழலில் முளைக்கும், அதை வேரோடு அவித்துக் குடித்தால் நின்றது வரும் என்றாள். என் கல்யாணச் சேலையின் பாதியைக் கிழித்துக் கொடுத்தேன். ஒரு கட்டு செடி கொடுத்தாள். கொடுக்கும் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வயித்துல பிள்ள இருந்தா இது குடிக்கக் கூடாது. ஹாங் எப்படி?" என்று கேட்டாள். ஹாங் என்றால் நீ. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். "எங்க லயத்துல வயித்துல கிழங்குதான் இருக்கு மினா, வேற ஒண்ணும் இல்ல" என்றேன். அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அவள் கொடுத்தது ஒரு செடி. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஊரில் எங்கள் பெண்கள் செய்கிற வைத்தியமும் எனக்குத் தெரியுமே, அதை ஏன் விட வேண்டும்? கருஞ்சீரகம் ஒரு கடைக்காரர் வீட்டில் கொஞ்சம் கிடைத்தது. எள் ஒரு கைப்பிடி. பப்பாளிக்காய் லயத்துக்குப் பின்னாலேயே காய்த்துக் கிடந்தது, அன்னாசிப் பிஞ்சும் இருந்தது. மலாய் மருந்து ஒரு பக்கம் இழுக்கும், தமிழ் மருந்து ஒரு பக்கம் தள்ளும், இரண்டும் சேர்ந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் காய்ச்சினேன். மினாவிடம் சொல்லவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாளோ என்று ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும். கறுப்பாக, கசப்பாக, குமட்டிக்கொண்டு வரும்படி ஒரு கஷாயம் இறங்கியது. ஆடி மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, பானையைக் குழாயடியில் வைத்துக்கொண்டு லயத்துப் பெண்களை எல்லாம் கூப்பிட்டேன்.

அன்றைக்கு எங்களுக்கு இருந்த உற்சாகத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்! பசியைத் தவிர வேறொன்றைப் பேசி மாதக்கணக்காகியிருந்தது. ஒவ்வொருத்தியும் தேங்காய்ச் சிரட்டையை ஏந்திக்கொண்டு வரிசையாக நின்றாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து, முகத்தைச் சுளித்து, ஒருத்தி முகத்தைப் பார்த்து இன்னொருத்தி சிரித்து, குழாயடி கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு டிரெஸரம்மா என்று பெயர் வைத்தார்கள். கஷாயத்தோடு நான் வேறொன்றும் செய்தேன். மருந்துக்குப் பத்தியம் உண்டு என்று சொல்லி எல்லோரையும் முருங்கைக்கீரை பறிக்க வைத்தேன். கேழ்வரகு விதைத்திருந்த வீட்டில் கெஞ்சி வாங்கிக் கூழ் காய்ச்சினோம். மினா வழியாகக் கடலோரக் கோத்தா கோலா மூடாவிலிருந்து கருவாடு வரவழைத்தோம், அதற்கு அஞ்சலையின் வெண்கலக் குடம் போனது. அடை காத்த கோழியின் முட்டைகளும் எங்கள் பத்தியத்தில் சேர்ந்துகொண்டன.

பன்னிரண்டாம் நாள் கண்ணம்மாளுக்கு வந்தது. லயத்தின் நடு வீட்டில் இருந்தவள், புருஷன் சயாமுக்குப் போகாமல் தப்பியவன். "யக்கோவ், டிரெஸரம்மா, வந்துருச்சு!" என்று அவள் கத்திய கத்து ஆலை வரைக்கும் கேட்டிருக்கும். அந்த வாரமே இன்னொருத்திக்கும் வந்தது. கோழியை விரட்டிவிட்டு அறையைக் கூட்டி மெழுகினோம். நான் நடந்தால் என் கால் தரையில் படவில்லை. தம்பி, இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த இன்னொருத்திக்கு வந்தது கீரையாலும் கருவாட்டாலும்தான் என்று இப்போது நிச்சயமாகத் தெரிகிறது. கண்ணம்மாளுக்கு வந்தது என்ன என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு நிற்காமல் எட்டு நாள் போனது, சுருண்டு படுத்துக்கிடந்தாள், புருஷன் வீட்டில் இருந்தவள். சேர்ந்திருந்த அழுக்கு எல்லாம் வெளியேறுகிறது என்று நான் பெரிய வைத்தியச்சி மாதிரி விளக்கம் சொன்னேன். பிற்பாடு அவளுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன, நன்றாக இருக்கிறாள், இன்றைக்கும் என்னைக் கண்டால் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அவளிடம் நான் எதையும் கேட்டதில்லை. கேட்க தைரியம் வரவில்லை.

மருந்து காய்ச்சியவளுக்கு மட்டும் வரவில்லை. எனக்கு எவ்வளவு கோபம் என்கிறாய்! ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்துவிட்டு நான் மட்டும் மொட்டை மரமா? அஞ்சலை வேறு, "யக்கா, உங்க மருந்துக்கு உங்களப் பிடிக்கல போல" என்று சீண்டினாள். காலையில் ஒரு சிரட்டை குடித்தது போய் மத்தியானமும் குடித்தேன். பிறகு அடியில் தங்கிய மண்டியையும் சேர்த்துக் குடித்தேன். வாந்தி வந்தது; மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். கருவாட்டு வாசம் பிடிக்கவில்லை. பித்தம் என்று நினைத்துக்கொண்டேன். எல்லோருக்கும் முன்னமே நின்றுபோயிருக்க, எனக்கு மட்டும் ஏன் சித்திரை வரைக்கும் வந்தது, அவர் லாரி ஏறியது சித்திரை முடிவில்தானே என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். எல்லோரையும் போலத்தான் நானும் என்று எனக்கு அவ்வளவு உறுதி.

மண்டியைக் குடிக்க ஆரம்பித்த நான்காம் நாள் காலையில் துணியில் ஒரு சொட்டு பார்த்தேன். அடுத்து இரண்டு சொட்டு. நான் போட்ட கூச்சலில் லயமே கூடிவிட்டது. நான் அழுதேன், அஞ்சலை அழுதாள், என்னைச் சுற்றிக் கும்மி அடிக்காத குறை. என் கையைப் பிடித்து ராஜாத்தி மாதிரி அந்தக் கடைசி அறைக்குக் கூட்டிப்போனார்கள். எங்கிருந்தோ கொஞ்சம் தென்னஞ்சர்க்கரை வந்தது. கிழங்கைத் துருவி அதில் போட்டுக் கிண்டி, வயசுக்கு வந்த பெண்ணுக்கு ஊட்டுவது போல எனக்கு ஊட்டினார்கள். இனி அவர் வந்தால் போதும், எனக்குப் பிள்ளை பிறந்துவிடும் என்று அந்த இனிப்பை நாக்கில் வைத்தபடி நினைத்தேன். ஜப்பான்காரன் இருந்த அந்த மூன்றரை வருஷத்தில் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறில்லை. உன்னை இழக்க ஆரம்பித்த நாள் அதுதான்.

மத்தியானம் மினா வந்தாள். சேதி கேட்டு, எனக்காக நான்கு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு சிரித்தபடி வந்தவள், வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டாள். எத்தனை சொட்டு, என்ன நிறம், வாந்தி உண்டா, எத்தனை நாளாக என்று அடுக்கிக் கேட்டாள். பிறகு என்னைப் படுக்க வைத்து, தொப்புளுக்குக் கீழே கையை வைத்து மெதுவாக அமுக்கினாள். ஒரு தேங்காய்க் குரும்பை மாதிரி ஏதோ கெட்டியாக இருந்தது. அவள் அமுக்கியபோதுதான் எனக்கே தெரிந்தது. "ஹாங் மெங்கண்டுங்!" என்று கத்தினாள். நீ பிள்ளைத்தாய்ச்சி! "நான் கேட்டனா இல்லையா? கேட்டனா இல்லையா? நீ சிரிச்சே!" பானையில் என்னென்ன போட்டேன் என்று கேட்டாள். சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொண்டு நேராகக் குழாயடிக்குப் போய்ப் பானையைத் தூக்கிக் கல்லில் போட்டு உடைத்தாள். எந்தப் பெண்ணும் அவளைத் தடுக்கவில்லை. கண்ணம்மாள் மட்டும் உடைந்த ஓடுகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

பிறகு நான் அசையவில்லை. அசையக் கூடாது என்று மினா சொன்னாள். பலகையில் காலை உயர்த்தி வைத்துக்கொண்டு நாற்பது நாள் கிடந்தேன். சும்மா இருக்கத் தெரியாதவள் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான். என் பங்கு வேலையை அஞ்சலை செய்தாள். சிரட்டை ஏந்திக் கஷாயம் குடித்த பெண்கள் முறை போட்டுக்கொண்டு எனக்குக் கூழ் கொண்டுவந்தார்கள். தங்களுக்கே இல்லாத காலத்தில். சொட்டு நின்றது, மறுபடி வந்தது, மறுபடி நின்றது. நான் எந்தச் சாமியிடமும் வேண்டவில்லை, வேண்ட வெட்கமாக இருந்தது. உன்னிடம்தான் பேசினேன். போகாதே, எனக்குத் தெரியாது, நீ வந்தது எனக்குத் தெரியாது என்று அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆவணி முடியும்போது ஒரு மத்தியானம், அஞ்சலை எனக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருக்கும்போது நீ உதைத்தாய். மெத்தென்று ஒரே ஓர் உதை. அவள் கையைப் பிடித்து வைத்துப் பார்க்கச் சொன்னேன். மறுபடி உதைத்தாய். அவள் அகப்பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் லயத்தையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தையில் நீ பிறந்தாய், மினாவும் அவள் அம்மாவும்தான் பார்த்தார்கள். ஒரு கொத்து முருங்கைக்காய் கனம்கூட இருக்க மாட்டாய், ஆனால் அழுத அழுகையில் ஊர் எழுந்துவிட்டது.

அப்பா மூன்று மாதத்தில் வரவில்லை. ஜப்பான்காரன் போன பிறகுதான் வந்தார், ஒன்பது பேரில் இரண்டு பேர் வந்தார்கள். நீ அப்போது நடந்துகொண்டிருந்தாய். அவரைப் பார்த்து பயந்து என் சேலைக்குள் ஒளிந்துகொண்டாய். டிரெஸரம்மா காய்ச்சிய மருந்தில் பிறந்த பிள்ளை என்று யாரோ அவரிடம் சொன்னார்கள். மாதத்தை யார் எண்ணிப் பார்த்தார்கள்? கஷாயம் குடித்தாள், பிள்ளை பிறந்தது, ஊருக்கு அவ்வளவுதான் ஞாபகம். நான் மறுக்கவில்லை. உண்மை தெரிந்த பெண்கள் எனக்காக வாயை மூடிக்கொண்டார்கள், எனக்கு அந்தப் பெயரும் பிடித்திருந்தது. செர்டாங்கிலிருந்தெல்லாம் பெண்கள் தேடி வந்தார்கள். அவர்களுக்கு நான் கொடுத்தது எள்ளுருண்டையும் முருங்கைக்கீரைச் சாறும் உளுந்தங்களியும்தான். வேரையோ காயையோ நான் மறுபடி தொட்டதில்லை. நல்லபடியாகச் சாப்பிடு, படுத்து ஓய்வெடு, நாள் தள்ளியிருந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லி அனுப்புவேன். ஜப்பான் காலத்துக் கஷாயம் என்று நீ கேட்கிறாயே, அந்தப் பானை உடைந்த அன்றோடு அப்படி ஒன்று உலகத்தில் இல்லை.

இன்று உன் கடிதத்தைப் படித்த பிறகு முதல் தடவையாக உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கடைசியில், "அதனாலதான் கணக்குல மார்க்கு கொறஞ்சதுக்கு அவன நான் அடிச்சப்ப நீ கோழிக் கொட்டாய்க்குப் பின்னால போயி அழுதியா?" என்று கேட்டார். ஆமாம் தம்பி, அதனால்தான். நீ மூன்று வயசு வரைக்கும் பேசவில்லை. என் கஷாயம் என்று நினைத்தேன். உனக்குக் காய்ச்சல் வந்தால் என் கஷாயம். கணக்கில் பதினெட்டு மார்க் வாங்கினால் என் கஷாயம். நீ ஆபீஸ் பரீட்சையில் தேறி அலோர் ஸ்டாருக்கு வேலைக்குப் போன அன்றைக்குத்தான் ஒரு மூச்சு விட்டேன். "வெறும் சோம்பேறிப் பய, அதுக்குப் போயி மருந்து மேல பழி போட்டியே" என்று அப்பா சிரித்தார். பிறகு சுத்தியலை எடுத்தவர் ஆணியில் அடிக்காமல் விரலில் அடித்துக்கொண்டார்.

இனி வசந்தாவைப் பற்றி. நாளைக்கே அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ, பெண் டாக்டரிடம் காட்டு, நாள் தள்ளியிருக்கிறது என்று நீயே வாய் திறந்து சொல், அவள் கூச்சப்படுவாள். டாக்டர் சொல்லும் வரைக்கும் பக்கத்து வீட்டு அம்மாள் கொடுத்தாலும் சரி, சாமியார் கொடுத்தாலும் சரி, எந்தத் தூளும் எந்தச் சாறும் அவள் தொண்டையில் இறங்கக் கூடாது. அந்த அம்மாளிடம் சண்டை போடாதே, அவர் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். நானும் நல்ல மனசோடுதான் காய்ச்சினேன். ஆமாம் என்று டாக்டர் சொன்னால், ஐயோ, அதை நினைத்தாலே எனக்கு எழுத்து கோணுகிறது. இல்லை என்று சொன்னால், அவள் முகத்துக்கு நேராக நீ பெருமூச்சு விடக் கூடாது. அவள் உடம்பு ஏன் முன்னே பின்னே போகிறது என்று டாக்டர் பார்ப்பார், அவளுக்கு என்ன வேண்டுமோ நான் சமைத்துப் போடுவேன், அவ்வளவுதான். பிள்ளைக்காக மட்டும் அவளை நாம் கூட்டிவரவில்லை. நான் என் உடம்பை அப்படித்தான் நினைத்தேன், காய்க்காத மரம், தட்டி எழுப்ப வேண்டும் என்று; அந்த நினைப்புதான் எனக்குக் கண்ணை மறைத்தது. உன் மனைவி தன்னை அப்படி நினைக்க ஒரு நாளும் விடாதே.

நீ எனக்குள் வந்து மூன்று மாதம் உன்னை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை, தம்பி. பிள்ளை வேண்டும், பிள்ளை வேண்டும் என்று அலைந்துகொண்டே, வந்து உட்கார்ந்திருந்த உன்னை இரண்டு வேளையும் விரட்டிக்கொண்டிருந்தேன். நீ போகவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை, உன் பிடிவாதம். என்னை மன்னித்துவிடு.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நிலையத்துக்கு நீ வர வேண்டாம், வீடு எனக்குத் தெரியும். நீ அவள் பக்கத்திலேயே இரு. டாக்டர் என்ன சொல்லியிருந்தாலும் வாசலில் வைத்து என்னிடம் சொல்லாதே. வசந்தா தன் வாயால் சொல்லட்டும், அவளுக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மா